அம்மன் அடுப்பில் கொலம்பஸ்

கேமரன்மலைக் கோலா தெர்லாவில் தக்காளி போடுகிற பக்கிரிசாமிக்கும் கொலம்பஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், மருந்தடிக்கிற பம்புதான். பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடக்கும்போது மற்றவர்கள் காதில் பாட்டு ஓடும். இவர் காதில் கப்பல் ஓடும்.

எவனோ அனுப்பிய ஒரு வீடியோவில் தொற்றிய வியாதி அது. அமெரிக்காவைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரர்களின் கதை. ஒன்றைப் பார்த்து முடித்தால் அடுத்தது தானாக வந்து நிற்கிறது. மனுஷர் என்ன செய்வார்? இரண்டு போகம் முடிவதற்குள் கொலம்பஸ், வெஸ்பூச்சி, கப்ரால், பல்போவா எல்லாரும் அவருக்குப் பங்காளிகள் மாதிரி ஆகிவிட்டார்கள். யார் யாரை ஏமாற்றினான், யார் வழி தவறி எந்தக் கரையில் போய் நின்றான் என்பதையெல்லாம் பக்கத்து வீட்டு வழக்கைப் பேசுவதுபோல் பேசுவார்.

ஐம்பதைத் தாண்டியவர். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தேயிலையோடு மல்லுக்கட்டப் பிடிக்காமல், கோலா தெர்லாவில் நிலத்தை வாடகைக்கு எடுத்துப் பிளாஸ்டிக் கூரை போட்டுத் தக்காளியும் மிளகாயும் விளைவிக்கிறார். மனைவி வடிவம்மாள் இன்னும் தோட்டத்தில் கொழுந்து வெட்டப் போவதால் லயத்து வீடு கையைவிட்டுப் போகவில்லை. ஆக, காலையில் லாரியில் கோலா தெர்லா, சாயங்காலம் லயம். கேட்டதைக் கொட்டுவதற்குத் தோட்டத்து முகப்பில் கருப்பையாவின் தேநீர்க்கடை.

"கருப்பையா, கொலம்பஸ் கப்பல்ல மொழிபெயர்ப்பாளன் ஒருத்தன் இருந்தான். என்ன பாஷை பேசுவான், சொல்லு பாப்போம்?"

"தே தாரேக்கா கோப்பியா, அதைச் சொல்லுங்க மொதல்ல."

"அரபு! அமெரிக்காவுக்கு அரபு பேசுறவனைக் கூட்டிட்டுப் போயிருக்கான். ஆசியாவுக்குப் போறோம், அங்க யாருக்காவது அரபு தெரிஞ்சிருக்கும்னு நெனப்பு."

"நம்ம கடைக்கு வந்திருந்தா நீங்களே பேசியிருப்பீங்க. கொலம்பஸுக்குச் சம்பளம் மிச்சம்."

கருப்பையாவோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அன்றைக்கென்று பார்த்துக் கிராணி சுப்பிரமணியம் கடைக்குள் நுழைந்தார். தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிற குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலையிலிருந்துதான், கிராணித்தனத்திலிருந்து இல்லை. இப்போது மாரியம்மன் கோயில் தலைவர். ஆங்கிலப் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்திருப்பார், அதை அவர் விரித்து யாரும் பார்த்ததில்லை. பக்கிரிசாமியின் அப்பா ஒருகாலத்தில் இவர் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றவர். அது மகனுக்கு மறக்குமா? எதிரில் கிராணியும், வாய் நிறையக் கேள்வியும் இருந்தால் விடுவாரா?

"கிராணி ஐயா, ஒரே ஒரு கேள்வி. கொலம்பஸ் எதைத் தேடிக்கிட்டுக் கப்பல் ஏறுனான்?"

"அமெரிக்காவை," என்றார் சுப்பிரமணியம், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற முகத்தோடு.

"அமெரிக்கான்னு ஒண்ணு இருக்கிறதே அவனுக்குத் தெரியாதுங்களே! நம்ம பக்கத்து மிளகையும் தங்கத்தையும் தேடித்தான் கெளம்புனான். அமெரிக்கா குறுக்க நின்னுருச்சு. அங்க இருந்த சனங்களுக்கு இந்தியன்னு பேரும் வெச்சுட்டு, நான் ஆசியாவுலதான் எறங்குனேன்னு சாகுற வரைக்கும் சாதிச்சான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுப்பிரமணியத்தின் காது மடல் சிவந்தது. மசால் வடையை எடுத்து ஒரு கடி கடித்தார். பக்கிரிசாமி அதோடு விட்டிருக்கலாம்.

"மிளகு கெடைக்கல. மிளகாய்தான் கெடைச்சது. இப்பக் கடிச்சீங்களே, அந்த வடையில இருக்கிற பச்சை மிளகாயைக் கொலம்பஸ் போறதுக்கு முன்னால நம்ம பூட்டன் எவனும் கண்ணால பாத்ததில்ல. போர்த்துக்கீசியக்காரன் கப்பல்ல வந்து நம்ம ஊர்ல எறங்குன சரக்கு அது."

சுப்பிரமணியம் வடையைத் தட்டில் வைத்தார்.

"தக்காளி?"

"அதுவும் அங்கேருந்துதான்."

"உருளைக்கிழங்கு?"

"பெரு நாடுங்க. மலையில வெளையுறது, நம்ம கேமரன்மலை மாதிரி."

"ஓகோ," என்றார் சுப்பிரமணியம். பேப்பரைக் கக்கத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு எழுந்து போனார். ஜெயித்த மிதப்பில் பக்கிரிசாமி இன்னொரு தே தாரேக் சொன்னார். அந்த 'ஓகோ' கருப்பையாவுக்குப் பிடிக்கவில்லை. கிராணி ஓகோ என்று சொன்ன நாளெல்லாம் யாருக்காவது வேலை போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டம். பக்கிரிசாமி தக்காளிக் கொடிக்குக் கயிறு கட்டப் போய்விட்டதால் வடிவம்மாள் மட்டும் போனாள். அவர் சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைக்கும்போதே, கூட்டத்துக்குக் கட்டிய சேலையோடு இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"உங்க கொலம்பஸ் என்ன பண்ணிட்டான் தெரியுமா?"

"என்ன பண்ணான்?" என்று ஆசையாகக் கேட்டார். வடிவம்மாளே கேட்கிறாளே என்கிற சந்தோஷம்.

"இந்த வருஷம் அம்மன் படையலுக்கும் அன்னதானத்துக்கும் தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஒண்ணும் கெடையாதாம். எங்க வீட்டுத் திதிக்கே நாங்க மிளகுதான் போடுவோம், ஆத்தாவுக்கு வெள்ளைக்காரன் கப்பல்ல வந்ததைப் படைக்கலாமான்னு கிராணி மைக்கைப் பிடிச்சுக் கேட்டாரு. எல்லாத் தலையும் ஆடுச்சு. இதெல்லாம் நெசமான்னு யாரோ கேட்டதுக்கு, 'நம்ம பக்கிரிசாமியே ஆதாரத்தோட சொன்னாரு'ன்னு உங்க பேரையும் மைக்கில சொன்னாரு. கைதட்டுனாங்க."

பக்கிரிசாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஒரு காலில் செருப்பு இருந்தது, ஒரு காலில் இல்லை.

கைதட்டல் கிடைத்தும் மனுஷர் ஏன் அப்படி நின்றார் என்றால், அவர் வீட்டு வழக்கம் அப்படி. முதல் பறி அம்மனுக்கு. கோயில் மடைப்பள்ளி அடுப்பில் அந்தக் காய் வெந்த பிறகுதான் மிச்சம் சந்தைக்குப் போகும். அதுவரை ஒரு காயை விற்க மாட்டார். வீட்டு ரசத்துக்குக்கூட ஒன்றைக் கிள்ள விடமாட்டார். நிலம் எடுத்த புதிதில் பெருமழையில் சுற்றி இருந்த நிலமெல்லாம் மண்ணோடு சரிந்தபோது இவர் கூரை மட்டும் நின்றது, அன்றைக்கு வேண்டிக்கொண்டது. மற்றவர்கள் சந்தை விலையைப் பார்த்து நாற்று விடுவார்கள். இவர் திருவிழாத் தேதியைப் பார்த்து விடுவார், கொடியேற்றத்துக்குள் காய் திரண்டிருக்க வேண்டும் என்று. இந்த வருஷம் அச்சாகத் திரண்டிருந்தது.

சந்தைக்குப் போகிற தக்காளியைப் பச்சை மாறி லேசாக இளஞ்சிவப்பு தட்டும்போதே பறித்துவிட வேண்டும். கொடியிலேயே சிவந்தால் ஈப்போ சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் பெட்டிக்குள் சாறாகிவிடும். அம்மன் அடுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இவர் பறிக்க முடியாது. பறிக்காவிட்டால் ஒரு போகம் முழுக்கக் கொடியிலேயே அழுகும். வாடகை, மருந்து, உரம், ஆள்கூலி எல்லாம் அந்தச் சிவப்புக்குள்தான் இருந்தது.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தீங்களா?" என்றாள் வடிவம்மாள். "வாங்க, கிராணி வீட்டுக்குப் போவோம்."

சுப்பிரமணியத்தின் வீடு கோயிலை ஒட்டியே இருந்தது. அவர் வாசலில் நாற்காலி போட்டு, இவர்கள் வருவார்கள் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தார். மனைவி தங்கம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பேச்சு முடியாமல் தேத்தண்ணீர் கொண்டுவரக் கூடாது என்று உள்ளேயே நின்றாள்.

"தலைவரே, அன்னிக்கு நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. வீடியோவுல ஆயிரம் சொல்றான்."

"அப்ப பொய்யா?"

பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பக்கிரிசாமியின் வாய் திறந்தது, அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. "பொய்யின்னு இல்லீங்க..."

"ரூபினி! இங்க வாம்மா. இதைத் தட்டிப் பாரு."

மருமகள் ரூபினி ஹேண்ட்போனோடு வந்து தட்டிப் பார்த்தாள். "பக்கிரி மாமா சொன்னது கரெக்ட்டுதான் மாமா. மிளகாய், தக்காளி மெக்சிகோ பக்கம். உருளைக்கிழங்கு பெரு. எல்லாம் கரெக்ட்."

எல்லாம் கரெக்ட் என்றதும் பக்கிரிசாமியின் முகம் ஒரு கணம் மலர்ந்துவிட்டது. வடிவம்மாள் முழங்கையால் இடித்தாள். இடித்துவிட்டுத் தானே முன்னால் வந்தாள்.

"ஏன் ஐயா, தானா ராத்தா பாசார்ல ஒருத்தன் நம்மளப் பாத்துப் பெண்டாத்தாங், வந்தேறிங்கன்னு சொன்னப்ப, 'எங்க பாட்டன் வெட்டுன ரோட்டுல நின்னுக்கிட்டு எங்களையா சொல்றே'ன்னு சட்டையைப் பிடிக்கப் போனது யாரு? நீங்கதானே? நாம இந்த மலைக்கு ஏறி நூறு வருஷம் இருக்குமா? மிளகாய் நம்ம ஊருக்கு வந்து நானூறு ஐந்நூறு வருஷம் ஆச்சுங்கிறாரு இவரு. அதைப் போயி நீங்க வந்தேறிங்கிறீங்களே!"

சுப்பிரமணியம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அது வேற, இது வேற," என்றார். உலகத்தில் எல்லாத் தலைவர்களிடமும் அந்தப் பதில் ஒன்று தயாராக இருக்கும். "கூட்டத்துல தீர்மானம் ஆயிருச்சு, வடிவு. தீர்மானத்தை நானே மாத்துனா நாளைக்கு என்னை எவன் மதிப்பான்?"

அதுதான் விஷயம். மாரியாத்தாவுக்கும் மிளகாய்க்கும் அதில் பங்கில்லை.

அதற்கப்புறம் பக்கிரிசாமிக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. விடிந்ததும் லாரியை எடுப்பார். வழியில் கியா பார்ம் சந்தை நெரிசலில் மாட்டிக்கொள்வார். ஸ்ட்ராபெரி வாங்க நிறுத்தியிருக்கிற டூரிஸ்டுக் கார்களைப் பார்த்ததும், இந்த ஸ்ட்ராபெரிக்கும் தாய் தகப்பன் இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான் என்று ஞாபகம் வரும். சொல்ல ஆளில்லாமல் ஹாரனை அமுக்குவார். நிலத்துக்குப் போனால் வங்காளதேசத்து வேலைக்காரன் வாசலிலேயே நிற்பான்.

"போஸ், தொமாத்தோ சூடா மேரா!"

"செவந்துருச்சுன்னு எனக்கும் கண்ணு தெரியும்டா!" என்று தமிழில் கத்திவிட்டு, கொடிக்குக் கொடி போய்க் காயைத் தொட்டுப் பார்ப்பார். பறிக்கத் துடிக்கிற கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். பைக்குள் ஹேண்ட்போன் அதிரும். ஈப்போ தவுக்கே, காய் வாங்குகிற சீன முதலாளி.

"பாக்கிரி, பீலா ஹந்தார்? எப்ப அனுப்புவே?"

"நாளைக்கு, தவுக்கே, நாளைக்கு."

நாளைக்கும் அதையே சொல்வார். திரும்ப லாரி ஏறுவார். தானா ராத்தா வரை போய் ஒரு வேலையும் இல்லாமல் பஸ் ஸ்டேஷனைச் சுற்றிக்கொண்டு வருவார். வடிவம்மாள் சும்மா இருப்பாளா?

"வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால ஒரு கூடையை வெச்சுக் கும்புட்டுட்டு மிச்சத்தை ஏத்தி விடுங்க. அங்க இருக்கிறதும் அதே ஆத்தாதானே?"

"அடுப்புல வேகணும். அப்படித்தான் வேண்டிக்கிட்டேன்."

"மத்தவங்கன்னா இந்நேரம் தலையில கைவெச்சு ஒக்காந்திருப்பாங்க. நீங்க அதுக்கும் ஒக்கார மாட்டேங்கிறீங்க."

அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தெரிந்ததைச் சொன்னதால்தானே வினை, மிச்சத்தையும் சொல்லிவிட்டால்? நேராகக் கருப்பையா கடைக்குப் போனார். சாயங்காலக் கூட்டம் நிறைந்திருந்த நேரம்.

"கருப்பையா, இந்த வருஷம் உன் உபயம் என்ன?"

"எப்பவும் போல வேர்க்கடலைச் சுண்டல்தான். ஏன்?"

"போச்சு. வேர்க்கடலை தென் அமெரிக்கா."

கருப்பையா இழுத்து ஆற்றிக்கொண்டிருந்த தே தாரேக் அந்தரத்தில் நின்றது. "என் சுண்டல் உங்களை என்ன பண்ணுச்சு?"

"சக்கரைப் பொங்கல்ல முந்திரி போடுறாங்களே, பிரேசில். பஞ்சாமிர்தத்துல அன்னாசி, கொலம்பஸ் ரெண்டாவது தடவை போனப்பத் தின்னு பாத்தது. கொய்யா, பப்பாளி, சீத்தாப்பழம் எல்லாம் அதே கப்பல். அர்ச்சனைத் தட்டுல எதை வெப்பீங்க? தேருக்கு நம்ம கிராணி ஐயா செண்டுமல்லி மாலை போடுவாரே, பந்து பந்தா, மஞ்சளும் ஆரஞ்சுமா. மெக்சிகோ! அங்க செத்தவங்களுக்குப் படைக்கிற பூ!"

எல்லார் உபயத்தையும் ஒரே வீச்சில் கவிழ்த்துவிட்டால், எல்லாரும் சேர்ந்து கிராணியைக் கவிழ்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. இருட்டுவதற்குள் லயம் கொதித்தது உண்மைதான். ஆனால் கொதித்தது இவர்மேல். முந்திரிப்பருப்பு உபயக்காரி ஜெயா, வாசலுக்கே வந்து நின்று கேட்டாள்.

"ஏன் மாமா, உங்க தக்காளி போச்சுன்னா எங்க முந்திரியும் போகணுமா? நல்லா இருக்கே உங்க நாயம்!"

கிராணி என்ன செய்தார் தெரியுமா? மறுநாளே கோயிலில் எல்லாரையும் கூட்டி, முதல் வேலையாகத் தன் செண்டுமல்லி மாலையைத் தானே நிறுத்தினார். "தீர்மானம்னா எனக்கும் சேத்துத்தான். இந்த வருஷம் தேருக்கு மல்லிகை," என்றார். பெரிய கைதட்டல். அதற்குப் பின்னால் வேர்க்கடலையும் முந்திரியும் அன்னாசியும் வரிசையாகப் போயின. பரங்கிக்காய் பேரிலேயே மாட்டிக்கொண்டது. இனி அந்த மனுஷரோடு அறிவால் மோதிப் பிரயோசனமில்லை என்று பக்கிரிசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றைச் சொன்னால் அவர் பத்தைத் துறப்பார். துறக்கத் துறக்க உசந்துகொண்டே போவார்.

அந்த உசரத்துக்கு மயங்காதது மடைப்பள்ளி வேலம்மா ஒருத்திதான். திருவிழாச் சமையல் வருஷா வருஷம் அவள் கையில். கரண்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு கூட்டத்து நடுவில் வந்தாள்.

"அரிசி இருக்கு, பருப்பு இருக்கு, மிளகு இருக்கு. பிள்ளை பெத்தவளுக்குப் போடுற பத்தியச் சோத்தைத் தேர் இழுக்கிறவனுக்குப் போடவா? சொல்லுங்க, போடுறேன். அப்புறம் தேர் பாதி மேட்டுல நின்னுருச்சுன்னு என்கிட்ட வரக் கூடாது."

எல்லாரும் பக்கிரிசாமியைத்தான் பார்த்தார்கள்.

கொடியேற்றத்தன்று காலையில் மூடுபனி தேயிலைச் சரிவிலிருந்து கோயில் வாசல்வரை ஏறியிருந்தது. பக்கிரிசாமி விடியலிலேயே நிலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மேல்வரிசையில் காய்கள் வெடிக்க ஆரம்பித்திருந்தன. கோயிலுக்கு வந்தவர் சந்நிதிக்குள் நிற்காமல், மடைப்பள்ளிப் பின்புறத் தண்ணீர்த் தொட்டிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வடிவம்மாள் கண்ணால் அதட்டினாள். நின்றார். மறுபடி நடந்தார்.

கொடி ஏறியதும் மடைப்பள்ளியில் அடுப்புப் பற்றவைப்பது வழக்கம். தலைவர் கற்பூரம் ஏற்றிக் கொடுக்க, வேலம்மா அதைப் பெரிய அடுப்பில் வைத்தாள். விறகு பற்றிக்கொண்டது. உலை இன்னும் ஏறவில்லை. சுப்பிரமணியம் கையைக் கூப்பிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். அந்த நேரத்தில் புதிதாகப் போட்ட பந்தலின் கால் ஒன்று ஈரமண்ணில் வழுக்கி, மேலே இருந்த தகரம் ஒன்று சடாரென்று இறங்கியது. அவர் தோளை உரசிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. சட்டை கிழிந்தது, தோலில் ஒரு கோடு. அவ்வளவுதான். ஆனால் தலைக்கும் தகரத்துக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருந்தால் அதிகம்.

"ஐயோ!" என்று தங்கம்மா போட்ட சத்தத்தில் மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். "கண்ணு! இந்த லயத்துக் கண்ணெல்லாம் இவரு மேலதான்! தீர்மானம் போட்டதுல இருந்து ஒவ்வொருத்தரும் எரிச்சுக்கிட்டுத்தானே பாத்தீங்க!"

சொல்லிக்கொண்டே பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கைப்பிடிக்குள் கல்லுப்பு இருந்தது. கூடவே மிளகாய் வற்றல், காம்போடு.

"ஒக்காருங்க," என்று புருஷனை ஒரு முக்காலியில் அழுத்தி, அவர் தலையைச் சுற்றக் கையைத் தூக்கினாள். தங்கம்மாவுக்குத் தான் என்ன பிடித்திருக்கிறோம் என்பதே ஞாபகமில்லை. கண்ணுபட்டால் மிளகாய், பிறந்ததிலிருந்து கை அப்படித்தான் போகும். கூட்டத்துக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு தலையாகத் திரும்பிப் பக்கிரிசாமியைப் பார்த்தது. முக்காலியில் இருந்தபடி சுப்பிரமணியமும் பார்த்தார். வெளிறிப் போயிருந்த முகத்தில் கண் மட்டும், சொல்லு, சொல்லித்தான் பாரேன் என்று இருந்தது.

பக்கிரிசாமியின் தொண்டைவரை வந்துவிட்டது. தும்மல் வருகிற மாதிரி வந்தது. மிளகைவிட இது உசத்தி என்று கொலம்பஸே எழுதிவைத்தது, கோவாவில் கப்பல் வந்து நின்றது, எல்லாம் வரிசை கட்டி நின்றன. கருப்பையா கண்ணைக் காட்டினார்: போடுங்க ஒரு போடு. ஒரு வார்த்தை போதும், கிராணியின் மானம் கப்பலேறிவிடும்.

ஆனால் ஏறாது. அந்த மனுஷரைத்தான் பார்த்தாயிற்றே. ஒரு வார்த்தை சொன்னால் தங்கம்மாவின் கையைத் தடுத்து, எனக்குக் கண்ணு கழியாவிட்டாலும் பரவாயில்லை என்று மிளகாயையும் துறப்பார். இன்னும் ஒரு கைதட்டல் விழும். கோலா தெர்லாவில் இன்னும் ஒரு வரிசை வெடிக்கும்.

பக்கிரிசாமி கீழே கிடந்த தகரத்தைப் பார்த்தார். தகரத்தில் இருந்த ஆணி ஓட்டைகளைப் பார்த்தார். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். வடிவம்மாள் புருஷனை அந்தக் கோலத்தில் பார்த்ததே இல்லை. உடம்புக்கு என்னவோ என்று பயந்து பக்கத்தில் வந்துவிட்டாள்.

தங்கம்மாவின் கை சுற்ற ஆரம்பித்தது. வலமாக, இடமாக, மேலிருந்து கீழாக. "துப்புங்க." சுப்பிரமணியம் துப்பினார். பக்கத்தில் எரிகிற நெருப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கைப்பிடி முழுவதையும் அதில் போட்டாள்.

படபடவென்று உப்பு வெடித்தது. நெடி வரவில்லை.

"பாத்தீங்களா, கமறலே இல்ல! அவ்வளவு கண்ணு!" என்று தங்கம்மா சொல்லி வாய் மூடுவதற்குள் காற்று திரும்பியது. கொடியேற்றத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் இருமியது. நாதசுரக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார். தலைவரும் இருமினார், கண்ணில் தண்ணீர் வர.

முதலில் தெளிந்தது வேலம்மாதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு அடுப்பைக் குனிந்து பார்த்தாள்.

"சரி. ஆத்தா அடுப்புல இந்த வருஷம் முதல்ல விழுந்தது என்ன?"

கரண்டியால் அடுப்பைக் காட்டினாள்.

"மிளகாய். யார் கையால? தலைவர் வீட்டம்மா கையால. அத்தனை பேரும் நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க, யாராச்சும் தடுத்தீங்களா? ஆத்தாதான் வேணாம்னு அடுப்பை அணைச்சாளா? எப்படி எரியுது பாருங்க. இந்த அடுப்பு அதைத் தின்னுருச்சு. இனிமே என்கிட்ட யாரும் கப்பல் கதை பேசாதீங்க, நான் குழம்பு வெக்கப் போறேன்."

தங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சுப்பிரமணியம் கிழிந்த சட்டையை நிதானமாகத் தட்டிவிட்டுக்கொண்டார். எழுந்தார். அடுப்பைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் கூட்டத்துக்கு மேலாகப் பக்கிரிசாமியைப் பார்த்தார்.

"அடுப்பே ஏத்துக்கிட்டப்பறம் தலைவர் சொல்ல என்ன இருக்கு? படிச்ச மனுஷன் ஒருத்தன் இருக்கான், அவனையும் கேட்டுருவோம். என்னப்பா பக்கிரி, இந்த மிளகாய் எங்கேருந்து வந்தது?"

லயம் மொத்தமும் காதைத் தீட்டியது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா," என்றார் பக்கிரிசாமி.

சொல்லி முடிப்பதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள், ஜெயாவாகத்தான் இருக்கும். சுப்பிரமணியம் சிரிக்கவில்லை. தலையை ஒரு தடவை ஆட்டினார், அந்தக் காலத்தில் ஆபீஸ் மேசையில் விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாரே, அந்த ஆட்டல்.

"அப்ப போயி ஒன் உபயத்தைக் கொண்டா. நேரம் ஆகுது."

பக்கிரிசாமி வடிவம்மாளோடு லாரிக்கு ஓடினார். கருப்பையா கடலை மூட்டைக்கு ஓடினார், ஜெயா முந்திரிக்கு ஓடினாள். சந்நிதிப் பக்கம் கொஞ்ச நேரம் ஆளே இல்லை. லாரி கியா பார்மில் நடு ரோட்டிலேயே போனது, டூரிஸ்டுகள் ஒதுங்கிக்கொண்டார்கள். நிலத்தில் வடிவம்மாளும் வேலைக்காரனும் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கமாகப் பறித்தார்கள். தொட்டாலே கையோடு வந்தது. வெடித்தது ஒரு பெட்டி, கனிந்தது ஒரு பெட்டி, இளஞ்சிவப்பாக மிஞ்சியிருந்த கொஞ்சம் கீழ்வரிசையில்தான். பாதிக்கு மேல் ஈப்போ தாங்காது என்று பார்வையிலேயே தெரிந்தது. அதை நினைக்க நேரமில்லை.

மடைப்பள்ளியில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. வேலம்மா முதல் கூடையை வாங்கி, வெடித்த பழங்களைக் கையாலேயே பிசைந்து அண்டாவுக்குள் விட்டாள். பச்சை மிளகாயைக் கீறிப் போட்டாள். பக்கிரிசாமி விளிம்பில் நின்று உள்ளேயே பார்த்தார். சிவப்புத் தோல் ஒன்று சுருண்டு, கழன்று, மேலே மிதந்து வந்தது. வெந்துவிட்டது.

பைக்குள் ஹேண்ட்போன் அதிர்ந்தது. எடுத்தார். இந்தத் தடவை 'நாளைக்கு' இல்லை.

"தவுக்கே, இன்னைக்கு வருது. பாதிதான் வரும். மிச்சம் தக்காளிச் சோஸ் போடுறவனுக்குத்தான் ஆகும், வெலையைப் பாத்துப் போட்டுக்க." அந்தப் பக்கம் சீன மொழியில் என்னவோ திட்டு கேட்டது. திட்டட்டும்.

"இப்பவாச்சும் ஒரு நிமிஷம் ஒக்காருங்க," என்றாள் வடிவம்மாள்.

வேலம்மா கரண்டியில் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு மோந்து பார்த்தாள். படைக்கும்வரை வாயில் வைக்க மாட்டாள், வாசனையே போதும் அவளுக்கு.

"புளிப்புப் பத்தாது பக்கிரி. இன்னும் ஒரு கூடை கொண்டா."